ராசியில்லாத கை

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். இந்த ஆய்வகத்தில் ஆடாத நாற்காலி இது ஒன்றுதான். உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தது. அவள் போன பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள், நான்தான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் வாசலில் நின்று சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தங்கை படிப்பை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து எதையும் தொடுவதில்லை. பாலைக் காய்ச்சச் சொன்னால் திரிந்துவிடும் என்கிறாள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பட்டுப்போகும் என்கிறாள். கதவைக்கூட முழங்கையால் தள்ளித்தான் திறக்கிறாள். உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மகிழ்ச்சி. அந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் சித்திக்காரி தள்ளி நின்று பார்க்கிறாளே தவிர, இதுவரை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. "யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா சார். உங்க பேச்சுன்னா வேதம் அவளுக்கு. நீங்க ஒரு தடவை வந்து, உன் கையில ஒண்ணும் இல்லம்மான்னு சொன்னா போதும்" என்றீர்கள்.

வருகிறேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். "அப்படி அவ கையில என்னதான் சார் குறை?"

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழகியவன் நான். குறை ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் இந்த அறைக்குள் வந்த கைகளிலேயே சுத்தமான கை அது. அப்படியானால் ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள், பாதியில் எழுந்து போனால் பாதிதான் புரியும்.

நீங்கள் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவர் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆகவே இது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். எங்கள் வேலை பேட்டரி. உங்கள் கைப்பையில் இருக்கும் போனில் உள்ளது இன்றைய பேட்டரி, நாங்கள் செய்வது நாளைக்கு வரப்போவது. ஒரு பக்கம் லித்தியத் தகடு, மறுபக்கம் கந்தகம், நடுவில் மெல்லிய சவ்வு, எல்லாவற்றையும் நனைக்க ஒரு திரவம். இப்படி அடுக்கியதற்குச் செல் என்று பெயர். கந்தகம் மலிவு, எடையும் குறைவு, மின்சாரத்தை ஏராளமாகப் பிடித்து வைக்கும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம், வீடு தங்காது. மின்சாரம் ஓடத் தொடங்கியதும் கரைந்து, சவ்வைத் தாண்டி, எதிர்வீட்டு லித்தியத்தைக் கெடுத்துவிட்டுத் திரும்பி வரும். மறுபடியும் போகும். கொஞ்ச நாளில் செல் செத்துவிடும். செத்துவிட்டது என்றுதான் நாங்களும் சொல்வோம். உலகம் முழுக்க இந்தத் துறையில் நடக்கிற ஆராய்ச்சி எல்லாம் கந்தகத்தை வீட்டோடு இருக்க வைக்கத்தான்.

அதோ தெரிகிறதே, முன்புறம் கண்ணாடி போட்ட பெரிய பெட்டி, இரண்டு கறுப்புக் கையுறைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, அதற்குள்தான் செல்லைச் செய்வோம். உள்ளே காற்று கிடையாது, ஆர்கான் வாயு மட்டும். காற்றின் ஈரம் பட்டால் எல்லாம் கெட்டது. கையுறைக்குள் கைவிட்டு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செல்லை அடுக்கி அமுக்கி எடுப்பது லேசான வேலை இல்லை. ஒரே பொருளை வைத்துப் பத்துப் பேர் செய்தால் பத்து விதமாக வரும். ஏன் என்று முழுதாக யாருக்கும் தெரியாது. கட்டுரையில் எழுதும்போது அதற்குச் செய்முறை வேறுபாடு என்று பெயர். தேநீர் குடிக்கும்போது அதே ஆட்கள் கைராசி என்பார்கள்.

நான் அறிவியல் படித்தவன். கைராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னைக் கைராசிக்காரர் என்று சொன்னபோது மறுத்ததும் இல்லை. மரியாதைக்குச் சொல்கிறார்கள், மறுத்தால் அவர்கள் மனம் புண்படும். என் செல்கள் மற்றவர்களுடையதைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தன, அது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு என்னோடு படித்தவர்கள் பெரிய பெரிய நிறுவனங்களுக்குப் போனார்கள். நான் இங்கேயே ஆய்வகப் பொறுப்பாளனாக இருந்துவிட்டேன். எங்கள் பேராசிரியரைப் பெரியவர் என்போம். வெளியாட்கள் பார்வையிட வரும்போது மட்டும் சலவை செய்த வெள்ளைக் கோட்டோடு அவரும் உள்ளே பார்வையிட வருவார். மற்றபடி எல்லாம் என் கையில். மாணவர்களுக்கு நான் அண்ணா. புது இயந்திரம் வந்தால் முதல் சுவிட்சை அண்ணாதான் போட வேண்டும். பட்டத்துக்கான நேர்முகத்துக்குப் போகிறவர்கள் ஆய்வேட்டை என் கையால் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கொடுப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் உங்கள் தங்கை வந்து சேர்ந்தாள்.

அவள் யோசனை மிகச் சாதாரணமானது. சவ்வின் மேல் களிமண்ணை மெல்லிசாகப் பூச வேண்டும், கந்தகம் அதில் ஒட்டிக்கொண்டு தாண்டாமல் நிற்கும். களிமண் உதவாது என்று என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். அவள் அதைப் படித்துவிட்டு வந்து, இதே இடத்தில் நின்றுகொண்டு, "அண்ணா, நீங்க களிமண்ணைச் சுட்டுப் பாக்கலையே, ஏன்?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். குத்திக்காட்டுகிற குணமெல்லாம் அவளுக்குக் கிடையாது, உங்களுக்கே தெரியும்.

சுடவில்லைதான். தோன்றவில்லை.

அவள் சுட்டாள், அரைத்தாள், பூசினாள். செல்லைச் செய்து சோதனையில் போட்டாள். செல்லின் தெம்பு நாளாக ஆக எப்படிக் குறைகிறது என்று திரையில் ஒரு கோடு ஓடும். எல்லோருடைய கோடும் சறுக்குமரம் போல இறங்கும். என்னுடையது மெதுவாக இறங்கும், அதற்குத்தான் அத்தனை பெயர். அவளுடையது இறங்கவே இல்லை. அளவுகோல் வைத்து இழுத்தாற்போலப் போய்க்கொண்டே இருந்தது. என் கோட்டைத் தாண்டியது. அறையே அவள் திரைக்கு முன்னால் கூடிவிட்டது. வெளியாட்கள் யாரும் வராமலே பெரியவர் வந்தார், வெள்ளைக் கோட்டுகூடப் போட்டுக்கொள்ளாமல். என் தோளில் தட்டி, "என்னப்பா, உனக்குப் போட்டிக்கு ஆள் வந்தாச்சு. கைராசின்னா இந்தப் பொண்ணு கைதான்" என்றார். அந்த வாரம் ஒரு புது ஓவன் வந்திறங்கியது. அதன் முதல் சுவிட்சை அவளைப் போடச் சொன்னார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போடும்மா என்று தலையசைத்தேன். எல்லோரோடும் சேர்ந்து கையும் தட்டினேன்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எழுந்தது ஐயம். ஒரு கண்டுபிடிப்பு சௌகரியமான நிலையில் மட்டும் வேலை செய்தால் போதாது, கொஞ்சம் தொல்லை கொடுத்தாலும் தாங்க வேண்டும். நாளைக்கு இந்த பேட்டரி எந்த ஊர் மழையில் நனையுமோ, யார் கண்டது? யாராவது ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். இந்த அறையில் பொறுப்பாளன் நான்.

செல்லை நனைக்கும் திரவம் என்றேன் அல்லவா, அதில் ஈரம் இருக்கவே கூடாது. அதற்காக ஒவ்வொருவரும் தம் புட்டிக்குள் மிளகு அளவில் வெள்ளை மணிகள் கொஞ்சம் போட்டு வைப்பார்கள். அந்த மணிகளை ஓவனில் நன்றாகச் சுட்டு எடுத்தால் அவற்றுக்குத் தாகம் வந்துவிடும், திரவத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதே மணிகளை வெளியே திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கிடக்கும். அவற்றைத் திரவத்தில் போட்டால் குடிப்பதற்குப் பதில் கக்கும். இதில் விசேஷம், பார்வைக்கு இரண்டும் ஒன்று. குடித்த மணியும் குடிக்காத மணியும் ஒரே வெள்ளை, ஒரே உருண்டை. நானே முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய மணிகளைத் திறந்து வைத்தேன். அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் சுட்டு ஆற வைத்திருந்த மணிகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தேன். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். உங்கள் சோதனைக் குழாயில் வேறு யாருடைய ரத்தமோ ஒரு சொட்டு விழுந்தாற்போல.

அடுத்த செல் சீக்கிரமே செத்தது. ஒருமுறை நடந்தால் அது தற்செயல். ஆய்வு என்றால் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஆகவே திரும்பவும் செய்தேன்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. செல் செத்தால் கவனக்குறைவான பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அவள் கவனமான பிள்ளை. ஈரம் ஏறியிருக்குமோ என்று மணிகளை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள். அடுத்தது இன்னும் சீக்கிரம் செத்தது. அதற்கும் அதிகமாகப் போட்டாள். கவனம் கூடக் கூட ஆயுள் குறைந்தது. அது என் திட்டத்தில் இல்லாதது, அந்தப் பங்கு அவளுடையது.

ஈரத்தை அளக்க எங்களிடம் இயந்திரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதுவும் என் பொறுப்பு. அவள் திரவத்தைக் கொண்டுவந்து கொடுப்பாள். நான் அளந்து பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கும்மா" என்பேன். நான் சொன்னது இயந்திரத்தை. அதை நான் எப்போதும் துடைத்துச் சுத்தமாகவே வைத்திருப்பேன்.

திரவம் சுத்தம், களிமண் அதே களிமண், கந்தகமும் அதே கந்தகம். மிச்சம் என்ன இருக்கிறது? கைதான். அதை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சோடாபுட்டி என்று ஒரு மாணவன், அவள் மேசைக்குப் பக்கத்து மேசை, அவன்தான் விளையாட்டாகச் சொன்னான். "முதல்ல வந்தது குருட்டு அதிர்ஷ்டம் போல. உனக்குக் கை ரொம்ப வேர்க்குது." அன்றிலிருந்து அவள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உறை போட்டுக்கொண்டாள். போட்டால் வேர்க்காத கையும் வேர்க்கும். பெரியவர், "கொஞ்ச நாள் நீ எதுலயும் கை வைக்காம இரும்மா" என்றார், அக்கறையோடுதான். கீழ் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தட்டுகளை நகர்த்தி வைத்தார்கள். "பரவால்லக்கா, நானே எடுத்துக்கறேன்" என்று அவள் நீட்டிய கைக்கு முன்னால் இன்னொரு கை வரும். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். முழங்கையால் கதவைத் தள்ளுகிற பழக்கம் இங்கே வந்ததுதான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. தினமும் தேநீர் நேரத்தில் அவளோடு போய் உட்காருவேன். மற்றவர்கள் கைகழுவிவிட்ட நேரத்தில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது நான் ஒருவன்தான். "எனக்கு மட்டும் ஏண்ணா இப்படி ஆகுது?" என்பாள். "எல்லாருக்கும் ஒரு கெட்ட நேரம் வரும்மா" என்பேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்துப் போகும். அதில் நடிப்பு இல்லை.

ஒரு நாள் காலையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவளே ஒரு சோதனை சொன்னாள். "அண்ணா, என் பொருளையே எடுத்து நீங்க செஞ்சு பாருங்க. நீங்க செஞ்சும் செத்துப்போச்சுன்னா என் ஐடியா தப்பு, விட்டுடறேன். உங்களுக்கு நல்லா வந்துச்சுன்னா..." அதற்கு மேல் சொல்லவில்லை. இதைவிடக் கச்சிதமான சோதனையை நானே யோசித்திருக்க முடியாது. நல்ல மூளை அவளுக்கு.

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கஷ்டமாகப் போயிற்று. அவள் புட்டியை அப்படியே எடுத்துச் செய்திருந்தால் செல் செத்திருக்கும். எல்லோரும், சரி, களிமண் உதவாது என்று போயிருப்பார்கள். அவளும் வேறு விஷயத்துக்கு மாறியிருப்பாள். கை தப்பித்திருக்கும், யோசனை செத்திருக்கும். ஆனால் அது நல்ல யோசனை. அதைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசனையா, கையா என்று வந்தால் அறிவியலில் யோசனைதான் பெரிது. அவள் புட்டியைக் கழுவிக் காயவைத்து, புதுத் திரவம் ஊற்றி, நன்றாகச் சுட்ட மணிகளைப் போட்டேன். அறையே பார்க்க, அவள் பொருளை வைத்து நான் செய்தேன்.

கோடு அளவுகோல் மாதிரி போயிற்று. மறுபடியும் கூட்டம், மறுபடியும் கைதட்டல். பெரியவர், "என்ன இருந்தாலும் பழைய கை பழைய கைதான்" என்றார். அவள் ஓர் ஓரமாக நின்று சிரித்தாள். கண்ணில் நீர் இருந்தது. "ஐடியா சரிதான் அண்ணா. நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றாள். அவ்வளவு பெருந்தன்மை எல்லோருக்கும் வராது. எனக்கு வருமா என்பதே சந்தேகம்.

கட்டுரை வெளிவந்தது. முதலில் என் பெயர், அடுத்து அவள் பெயர். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னேன். "செஞ்சது நீங்கதானே அண்ணா" என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பிள்ளை ஆசையாகக் கொடுப்பதை எத்தனை முறைதான் மறுப்பது?

அதன் பிறகு ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வேட்டில் எழுதியதை ஒருமுறை தன் கையாலேயே செய்து காட்டினால்தான் பெரியவர் கையெழுத்துப் போடுவார். வேறொருவர் செய்ததைக் காட்டிப் பட்டம் வாங்க முடியாது. நியாயமான வழக்கம். ஏமாற்று வேலை நடக்காமல் இருக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தடவை சும்மா விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நம்புங்கள். அவள் மணியை அவளே சுட்டுக்கொள்ளட்டும், நான் குறுக்கே போக வேண்டாம் என்று முடிவே செய்திருந்தேன். பிறகு யோசித்தால் சங்கடமாக இருந்தது. இப்போது அவள் கையில் செல் உயிரோடு நின்றால், இத்தனை காலம் ஏன் நிற்கவில்லை என்று கேள்வி வரும். யாராவது நோண்டுவார்கள். கட்டுரையை ஊர் உலகமெல்லாம் படித்தாயிற்று. ஆய்வகத்தின் பெயர், பெரியவரின் பெயர், எல்லாம் சந்தி சிரிக்கும். இருந்தாலும் விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

அவள்தான் வந்தாள். இரண்டு உறை போட்ட கையில் காலிப் புட்டியை ஏந்திக்கொண்டு நின்றாள். "அண்ணா, நான் சுட்ட மணி வேண்டாம். உங்க மணியிலிருந்து கொஞ்சம் தாங்க. உங்க கையாலயே போட்டுக் கொடுங்க. அந்த ராசியாவது கூட இருக்கட்டும்" என்றாள்.

என்னிடம் அப்போது இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று ஓவனுக்குள். இன்னொன்று தொட்டிக்குப் பக்கத்தில்.

தொட்டிக்குப் பக்கத்தில் இருந்ததிலிருந்து அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். கேட்டு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. ஓவனைத் திறந்திருக்கலாம், அது உண்மைதான். திறக்கவில்லை. புட்டியை வாங்கும்போது அவள் என் காலைத் தொட்டுவிடுவாளோ என்று பயந்தேன். நல்லவேளை, நன்றி சொன்னதோடு விட்டுவிட்டாள்.

அந்த செல் எப்படிப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோடு விழுந்ததை அவள் கடைசிவரை நின்று பார்த்தாள். கையுறைகளைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள், என்னிடம் மட்டும் "வரேண்ணா" என்று சொன்னாள்.

எழுந்துவிட்டீர்களே. உட்காருங்கள், உங்கள் முகம் வெளிறியிருக்கிறது. தண்ணீர் தரட்டுமா? வேண்டாமென்றால் சரி. என் கையால் எதுவும் வேண்டாம் என்கிறீர்கள், கோபத்தில் சொல்கிறீர்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் நீங்கள் போய் அவளிடம் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். பெரியவரிடமும் சொல்லலாம், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவள் நம்ப மாட்டாள். "அண்ணாவைப் பத்தி அப்படிப் பேசாதக்கா, எனக்குன்னு இருந்தது அவர் ஒருத்தர்தான்" என்பாள். உங்களோடு சண்டைக்கே வருவாள். அத்தனை நாள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறோம்.

அதனால்தான் நானே வருகிறேன் என்கிறேன். நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் அவள் நன்றாக வேண்டும் என்பதில் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம். உன் கையில் ஒன்றும் இல்லை என்று வெறும் வாயால் சொன்னால் அவள் ஏற்க மாட்டாள். ஆராய்ச்சி செய்தவள், கண்ணெதிரே செய்து காட்டினால்தான் ஏற்பாள். அதையும் யோசித்துவிட்டேன். குழந்தையை முதலில் என்னிடம் கொடுங்கள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு நானே எடுத்து அவளிடம் கொடுக்கிறேன். என் கையிலிருந்து போனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அதுவரைக்கும் நீங்களாக நேரே அவள் கையில் கொடுத்துவிட வேண்டாம், பச்சைக் குழந்தை, எதற்கு வம்பு.